மிஷன் விமானம்: ஊழியமா, ஊர்ப் பேருந்தா?

#1 வானம்பாடி

எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. விமானப் பைத்தியம் மட்டும் உண்டு. சின்ன விமானங்களைப் பற்றி எதைத் தேடினாலும் கடைசியில் கிறிஸ்தவ ஊழிய அமைப்புகள் ஓட்டும் ஏதாவது ஒரு மிஷன் விமானத்தில் போய் முட்டிக்கொள்கிறேன். மலை ஓடுதளமா, புல் ஓடுதளமா, ஆற்றில் இறங்கும் மிதவை விமானமா, எங்கே பார்த்தாலும் இவர்கள்தான்.

எனக்குத் தெரிந்த கதை இவ்வளவு. இரண்டாம் உலகப் போரில் பறந்த சில கிறிஸ்தவ விமானிகள் 1945ல் அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைக்கு எம்.ஏ.எஃப். (மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப்) என்கிறோமே, அதுதான். முதல் பயணம் 1946 பிப்ரவரி 23ல். ஓட்டியவர் பெட்டி கிரீன், போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக விமானம் ஓட்டிய பெண்களில் ஒருவர். வாக்கோ என்ற இரட்டை இறக்கை விமானத்தில் பைபிள் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மெக்சிகோவுக்குப் போனார். அந்தச் சங்கத்தின் முதல் விமானி ஒரு பெண் என்பது பலருக்குத் தெரியாது. பிற்பாடு சூடானில் பறக்க அவருக்காக அந்த நாட்டு நாடாளுமன்றமே தனி அனுமதி தர வேண்டியிருந்ததாம்.

இங்கிலாந்துப் பக்கம் 1948ல் ஜாக் ஹெம்மிங்ஸ், ஸ்டூவர்ட் கிங் இருவரும் மைல்ஸ் ஜெமினி என்ற மர விமானத்தில் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, புருண்டி மலையில் விழுந்து, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து நடந்து வந்தார்கள். கிளம்பிய வருடமே விமானம் போச்சு. ஆனாலும் விடவில்லை.

என் கேள்வி: இந்த விமானங்கள் மதம் பரப்பத்தான் பறக்கின்றனவா? இல்லை, ஊர்ப் பேருந்து செய்யும் வேலையைத்தான் இவை வானத்தில் செய்கின்றனவா? ஒரு வணிக நிறுவனம் ஏன் இந்த வேலைக்கு வருவதில்லை?

#2 பழைய மெக்கானிக்

பப்புவா நியூ கினியில் சில வருடம் சின்ன விமானங்களுக்கு ஸ்பானர் பிடித்தவன். மிஷன் ஆள் இல்லை, சம்பளத்துக்குப் போனவன். ஆனால் மிஷன் விமானங்களும் எங்கள் ஹேங்கருக்கு வரும்.

விமானத்துக்குள் என்ன இருக்கும் என்று சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். போகும்போது அரிசி மூட்டை, உப்பு, மண்ணெண்ணெய், கூரைத் தகரம், பள்ளிக்கூடத்து நோட்டுகள், தடுப்பூசிப் பெட்டி, சோலார் பலகை, விடுமுறை முடிந்து திரும்பும் வாத்தியார். வரும்போது காப்பிக்கொட்டை மூட்டை, பிரசவத்துக்குப் போகிற பெண், கால் முறிந்தவர், ஒரு பன்றி. சில நாள் பிணமும் வரும். நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்தவரைச் சொந்த மண்ணில் புதைக்க வேறு வழி கிடையாது. பைபிள் பெட்டியும் ஏறும். ஆனால் பத்துத் தடவை போனால் ஒரு தடவை கண்ணில் படும், அவ்வளவுதான்.

அந்த நாட்டின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து உள்நாட்டு மலைப்பகுதிக்குச் சாலையே இல்லை. 800க்கும் மேற்பட்ட மொழிகள் பேசுகிற நாடு. அடுத்த பள்ளத்தாக்குக்கு நடந்து போக மூன்று நாள், விமானத்தில் பன்னிரண்டு நிமிடம். ‘ஊர்ப் பேருந்து’ என்று நீங்கள் எழுதியது விளையாட்டுப் பேச்சு இல்லை.

#3 சும்மா ஒருவன்

ஒரு வீடியோவில் பார்த்தேன். விமானம் நேராக மலையைப் பார்த்துப் போய், ஏற்றத்தில் இறங்குகிறது. பார்த்த எனக்கே வயிறு கலங்கியது. ஏன் அப்படி? வேறு பக்கமாக இறங்கக் கூடாதா?

#4 பழைய மெக்கானிக்

வேறு பக்கம் என்று ஒன்று இல்லை தம்பி. அதைத்தான் ஒருவழித் தளம் என்போம். மலைச்சரிவில் வெட்டிய தளத்தின் ஒரு முனை பள்ளத்தாக்கின் விளிம்பு, மறுமுனை மலைச்சுவர். இறங்கும்போது மலையைப் பார்த்து ஏற்றத்தில் இறங்க வேண்டும். கிளம்பும்போது பள்ளத்தைப் பார்த்து இறக்கத்தில் ஓட வேண்டும். வரும்போது ஏற்றம்தான் பிரேக், போகும்போது இறக்கம்தான் கூடுதல் இன்ஜின். 100 மீட்டர் ஓடினால் 10 மீட்டருக்கு மேல் உயர்கிற தளங்களும் உண்டு. சமதரையில் ஒரு கிலோமீட்டர் கேட்கும் வேலையை 400 மீட்டரில் முடித்துவிடலாம்.

ஆனால் கண் ஏமாற்றும். ஏற்றமான தளத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் நாம் ரொம்ப உயரத்தில் வருவது போலத் தெரியும். அதை நம்பித் தாழ்த்தினால் விளிம்புக்குக் கீழே, பாறையில் போய் மோத வேண்டியதுதான். புதிதாக வருகிற விமானி ஏற்கெனவே எத்தனை மணி நேரம் பறந்திருந்தாலும் சரி, ஒவ்வொரு தளத்துக்கும் மூத்த விமானி கூடப் போய்ப் பழக்கி, ‘இந்தத் தளத்துக்கு இவர் போகலாம்’ என்று எழுதித் தந்த பிறகுதான் தனியாக விடுவார்கள்.

வரும் வழியில் ஒரு புள்ளி இருக்கும். அதுவரை வேண்டாம் என்று திரும்பிப் போகலாம். அதைத் தாண்டிவிட்டால் மூடுபனியோ, தளத்தில் பன்றியோ, இறங்கியே தீர வேண்டும். மேலே ஏறித் தப்பிக்க இடம் இல்லை. இறங்கின பிறகும் சும்மா நிற்க முடியாது, முழு விசை கொடுத்து உச்சிக்கு ஏற்ற வேண்டும். அங்கே சின்னதாக ஒரு சமதளம். குறுக்காக நிறுத்தாவிட்டால் விமானமே உருண்டு ஊரைவிட்டுக் கிளம்பிவிடும்.

அப்புறம் உயரம். 6,000 அடி உயரத்தில், வெயில் ஏறிய நேரத்தில் காற்று மெலிந்துவிடும். இறக்கைக்கும் பிடிப்பு குறைவு, புரொப்பெல்லருக்கும் குறைவு, இன்ஜினுக்கும் மூச்சு குறைவு. காலையில் தூக்கிய எடையை மதியம் தூக்க முடியாது. அதனால்தான் ஏறுகிற ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்துவோம், கையில் இருக்கிற கோழியோடு சேர்த்து. ஊர்த்தலைவர், போதகர் என்று யாருக்கும் விலக்குக் கிடையாது. எத்தனையோ சண்டைகள் அந்தத் தராசடியில்தான் நடக்கும்.

#5 ஆற்றங்கரை

எல்லாம் சரி. பன்றி, கோழி, காப்பிக்கொட்டை என்று பேசிப் பேசியே முக்கியமான கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். தென் அமெரிக்கக் கதையையும் கொஞ்சம் பேசுவோம்.

ஈக்வடாரில் வாவோரானி என்ற காட்டுப் பழங்குடி மக்கள் வெளியாட்களை அண்டவே விடவில்லை. அங்கே போய் ஒரு மிஷன் விமானம் வட்டமடித்தது. 1956 ஜனவரி 8ல் குராராய் ஆற்று மணலில் ஐந்து மிஷனரிகள் ஈட்டிக்கு இரையானார்கள். உலகம் முழுக்க அதைத் தியாகக் கதையாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறவர்கள் குறைவு. அந்த மக்களில் பெரும்பகுதியினரை ஒரு சின்னப் பகுதிக்குள் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அங்கே 1969ல் இளம்பிள்ளை வாதம் பரவிப் பலர் செத்தார்கள். அவர்கள் காலி செய்த காட்டில் எண்ணெய் தேடுவது சுலபமாயிற்று. கடைசியில் 1981ல் ஈக்வடார் அரசே, அப்படிக் குடியமர்த்திய மொழியியல் மிஷன் நிறுவனத்துடன் இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2020 ஏப்ரலில் பிரேசிலின் ஜவாரி பள்ளத்தாக்குக்குள் மிஷனரிகள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. வழக்குப் போட்டது அந்தப் பழங்குடிகளின் சொந்த அமைப்பு. வெளித்தொடர்பே இல்லாத குழுக்கள் அதிகம் வாழும் காடு அது. ஒரு சளி போதும், ஒரு கூட்டமே அழிந்துவிடும். அங்கே ‘நாங்கள் மருந்துதான் கொண்டுபோகிறோம்’ என்ற பேச்சு எடுபடுமா?

#6 கடுகு

ஆற்றங்கரை சொன்னதை மறுக்க வரவில்லை. நான் ஊழியக்காரர் வீட்டுப் பெண். அந்த ஐந்து பேர் கதையைக் கேட்டே வளர்ந்தவள். வாவோரானி மக்களின் பக்கத்திலிருந்து அதைக் கேட்டது முப்பது வயதுக்குப் பிறகுதான், கேட்டபோது கூச்சமாக இருந்தது.

ஆனால் அவர்களில் விமானியாக இருந்த நேட் செயின்ட் பற்றி வானம்பாடிக்காக ஒன்று சொல்ல வேண்டும். விமானத்திலிருந்து நீளக் கயிற்றில் ஒரு வாளியைக் கட்டி இறக்கிவிட்டு, மேலே வட்டமடித்துக்கொண்டே இருப்பார். வட்டம் சரியாக அமைந்தால் கீழே வாளி கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். இறங்கவே இடமில்லாத காட்டில் மருந்து கொடுக்கலாம், கடிதம் வாங்கலாம். வாவோரானிகளுக்கு இப்படித்தான் பாத்திரம், துணி என்று பரிசுகள் இறக்கினார்கள். பதிலுக்கு அவர்கள் வாளியில் உயிருள்ள கிளி ஒன்றை வைத்து அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் அந்த அளவுக்காவது பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். எரிபொருள் குழாய் அடைத்தாலும் இன்ஜின் நிற்காமல் இருக்க, தனியாக ஒரு சின்ன டப்பாவிலிருந்து எரிபொருள் போகும் ஏற்பாட்டையும் அவரே செய்தார்.

இன்னொன்று. இது அமெரிக்கப் புரொட்டஸ்டண்டுகள் மட்டும் செய்த வேலை இல்லை. ஜெர்மனியில் பால் ஷுல்ட்டே என்ற கத்தோலிக்க அருள்பணியாளர், ஆப்பிரிக்காவில் நோயாளியான தன் நண்பரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இல்லாமல் அவர் இறந்துபோனதால், 1927ல் மிவா என்ற அமைப்பைத் தொடங்கினார். மிஷன்களுக்குக் கார், படகு, விமானம் வாங்கித் தருவதுதான் அதன் வேலை. நியூ கினியில் லூத்தரன் மிஷன் 1935லேயே ஒரு யுங்கர்ஸ் விமானம் வாங்கி, அதற்குப் ‘பப்புவா’ என்று பெயரும் வைத்துவிட்டது.

#7 கணக்குப்பிள்ளை

வணிக நிறுவனம் ஏன் வருவதில்லை என்பதற்குப் பதில். கணக்குப் போட்டால் கட்டாது, அதுதான் காரணம்.

ஒரு செஸ்னா 206 எடுத்துக்கொள்ளுங்கள். விமானியோடு சேர்த்து ஆறு இருக்கை, பிஸ்டன் இன்ஜின். எரிபொருளும் விமானியும் போக மிஞ்சுவது சில நூறு கிலோ. அந்த உயரத்தில் அதிலும் குறையும். திரும்பி வருவதற்கும் எரிபொருள் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் அங்கே கிடைக்காது. பயணிகளோ காசாக அதிகம் பார்க்காதவர்கள். எல்லாச் செலவையும் அவர்கள் தலையில் கட்டினால் ஒருவரும் ஏற மாட்டார்.

எரிபொருள் தனித் தலைவலி. பிஸ்டன் இன்ஜினுக்கு ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் வேண்டும். உலகத்தின் பல மூலைகளில் அது பீப்பாயில், கப்பலில், மாதக்கணக்கில் காத்திருந்து வர வேண்டும். விலையோ கண்ணைக் கட்டும். பெரிய ஜெட் விமானங்கள் குடிக்கும் மண்ணெண்ணெய் வகை மட்டும் பெரிய விமான நிலையம் இருக்கிற இடமெல்லாம் கிடைக்கும். அதனால்தான் கேரவன், பிலாட்டஸ் போர்ட்டர், கோடியாக் என்று அந்த மண்ணெண்ணெயில் ஓடும் டர்பைன் இன்ஜின் விமானங்கள் பக்கம் போனார்கள். கோடியாக் விமானத்தை வடிவமைக்கும்போதே மிஷன்களின் தேவையை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். 750 குதிரைசக்தி, முழு எடையோடு 300 மீட்டருக்குள் தரையை விடும். ஆனால் டர்பைன் விமானத்தின் விலை பழைய 206 போல இல்லை. யானையை வாங்கிவிட்டால் தீனிக்கும் வழி பார்க்க வேண்டும்.

சரி, குறையும் பணம் எங்கிருந்து வருகிறது? ஒன்று, நன்கொடை. இரண்டு, அரசோ உதவி நிறுவனங்களோ தரும் வாடகை. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாது: விமானியின் சம்பளம். பல மிஷன்களில் விமானியே, மெக்கானிக்கே, ஊர் ஊராகத் திருச்சபைகளில் பேசித் தனக்கு மாதாமாதம் கொடுக்கும் ஆட்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விமான நிறுவனத்தின் பெரிய செலவுகளில் ஒன்று இப்படி மறைந்துவிடுகிறது. பக்தி இல்லாத நிறுவனத்தால் இதை எப்படி ஈடுகட்ட முடியும்?

#8 ஆற்றங்கரை

அங்கேதான் கொக்கி இருக்கிறது கணக்குப்பிள்ளை சார். காசு கொடுக்கிறவர்கள் காப்பிக்கொட்டைக்காகவா கொடுக்கிறார்கள்? ஆத்தும ரட்சிப்புக்குக் கொடுக்கிறார்கள். அப்படியென்றால் யார் ஏறுவது என்று தீர்மானிப்பது யார்? மிஷன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் நோயாளிக்கும் ஒரே நாளில் இடம் வேண்டுமென்றால்?

#9 மலைவாசி நர்ஸ்

இதற்கு நான் பதில் சொல்லலாம். மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் மூன்று வருடம் இருந்தேன். நியூ கினித் தீவில், ஊர்ப் பெயர் வேண்டாம்.

காலை ஆறரைக்கு ரேடியோ போடுவோம். ‘மேகம் எப்படி, தளம் ஈரமா, காற்று எந்தப் பக்கம்’ என்று கேட்பார்கள். வானிலைக்காரர் நாங்கள்தான். ஊரில் ஒருவர் மட்டும் அந்த வேலையை அவ்வளவு கவனமாகச் செய்வார். எதிர் மலையில் எந்த மரம் வரை தெரிகிறது என்று பார்த்துச் சொல்வார். பதினொரு மணிக்குமேல் பள்ளத்தாக்கில் மேகம் ஏறிவிடும், அதற்குள் வந்து போனால்தான் உண்டு.

நோயாளிக்கும் சரக்குக்கும் போட்டி வந்தால் நான் பார்த்தவரை நோயாளிக்குத்தான் இடம். சரக்கை இறக்கி வைத்துவிட்டுத் தூக்கிப் போயிருக்கிறார்கள். என்ன சாமி கும்பிடுகிறாய் என்று ஒரு விமானியும் கேட்டது இல்லை. கிளம்பும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்வார்கள், அது அவர்கள் பழக்கம். என் நோயாளிகளில் பாதிப் பேருக்கு அது பிடிக்கும், மீதிப் பேர் சீட்டின் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

குறையும் உண்டு. நஞ்சுக்கொடி வெளியே வராமல் ஒரு பெண் ரத்தம் போக்கிக்கொண்டு இருந்தாள். மதியம் இரண்டு மணி. ரேடியோவில் கத்தினேன். எங்களுக்கு வழக்கமாக வரும் நிறுவனம் முதலில் ‘செலவை யார் ஏற்பது’ என்று கேட்டது. சுகாதாரத் துறை ஆளைப் பிடிக்க ஒரு மணி நேரம். அதற்குள் மேகம் மூடிவிட்டது. கையை விட்டு எடுத்து, கையில் இருந்த மருந்தைப் போட்டு, இரவு முழுக்க உட்கார்ந்து இருந்தேன். காலை ஏழு பத்துக்கு விமானம் வந்தது. அவள் பிழைத்தாள். அந்த ஒரு மணி நேரத்தை இன்னும் மன்னிக்க முடியவில்லை. பிறகு நாங்கள் சண்டை போட்டு, உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் பறப்பது, பிறகு பில் என்று எழுதி வாங்கினோம்.

#10 சும்மா ஒருவன்

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

#11 வானம்பாடி

நர்ஸ் அக்கா எழுதியதைப் படித்ததும் ஆஸ்திரேலியா ஞாபகம் வந்தது. அங்கேயும் தொடக்கம் மிஷன்தான். ஜான் ஃபிளின் என்ற பிரெஸ்பிட்டீரியன் போதகர், உள்நாட்டுப் பாலைவனத்தில் மருத்துவர் இல்லாமல் ஆட்கள் சாவதைப் பார்த்துப் பல வருடம் அலைந்து காசு திரட்டினார். 1928 மே 17ல் குளோன்கரியிலிருந்து முதல் மருத்துவப் பயணம். விமானம் குவாண்டஸிடம் வாடகைக்கு எடுத்தது. வண்டி இருந்தால் போதுமா, கூப்பிட வழி வேண்டாமா? ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோ செய்து தந்தார், 1929ல். அதுதான் இன்றைய ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸ். இப்போது அது திருச்சபையின் கையில் இல்லை, அரசுப் பணம் பெருமளவு வருகிறது. ஃபிளின் முகம் அவர்கள் 20 டாலர் நோட்டில் இருக்கிறது.

ஆக மிஷன் தொடங்கி, பொதுச் சேவையாக மாறிய கதையும் உண்டு. ஆனால் அதற்கு வரி வசூலிக்கத் தெரிந்த ஒரு பணக்கார அரசு பின்னால் நிற்க வேண்டும்.

#12 கடுகு

விமானிகளையும் மறந்துவிடக் கூடாது. 2020 மே 12ல் இந்தோனேசியப் பப்புவாவில் ஜாய்ஸ் லின் என்ற எம்.ஏ.எஃப். விமானி, கொரோனா பரிசோதனைப் பொருட்களை மலைக்கிராமத்துக்குக் கொண்டுபோகக் கிளம்பிய சில நிமிடத்தில் செந்தானி ஏரியில் விழுந்து இறந்தார். நியூ கினியில் எம்.ஏ.எஃப். வேலையைத் தொடங்கிய ஹாரி ஹார்ட்விக் 1951லேயே விழுந்து இறந்தவர். வேலை தொடங்கிய அதே வருடம்.

விழுந்தது மட்டுமா? 2001 ஏப்ரலில் பெருவில் மிதவை விமானம் ஒன்றைப் போதைக் கடத்தல் விமானம் என்று தப்பாக நினைத்து அந்நாட்டு விமானப்படை சுட்டது. ஒரு தாயும் அவள் மடியில் இருந்த கைக்குழந்தையும் செத்தார்கள். காலில் குண்டு பாய்ந்த விமானி எரிகிற விமானத்தை ஆற்றில் இறக்கினார். 2022ல் மொசாம்பிக்கில் அனாதை இல்லங்களுக்கு விட்டமின் மாத்திரை கொண்டுபோகத் தயாரான விமானியைக் கைது செய்து நாலு மாதம் உள்ளே வைத்தார்கள். போர் நடக்கும் பகுதியில் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று பெட்டியைப் பார்த்து யாரும் சந்தேகப்படலாம்.

#13 ஆற்றங்கரை

இறந்தவர்களுக்கு வணக்கம், அதில் எனக்குப் பேச்சே இல்லை. நர்ஸ் அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு என் வாதத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். ‘வராதே’ என்று சொல்லத் தெரிந்த மக்களிடம், ‘வா’ என்று கூப்பிடவே தெரியாத மக்களிடம் போவது ஒன்று. நர்ஸ் அக்கா ஊர் மாதிரி, காலை ஆறரைக்கு ரேடியோ போட்டுக் கூப்பிடுகிற ஊருக்குப் போவது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த நிறுவனம் நாளைக்குக் கிளம்பிவிட்டால் அந்த ஊர் என்ன ஆகும்?

#14 பழைய மெக்கானிக்

என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். புல் வளர்ந்துவிடும்.

அந்தத் தளங்களை யார் போட்டார்கள் தெரியுமா? புல்டோசர் எப்படி வரும், சாலையே இல்லையே. ஊரே சேர்ந்து மண்வெட்டி, தோண்டுகோல், கூடை வைத்து வெட்டியது. சில ஊரில் வருடக்கணக்கில். பாறையைத் தீ மூட்டிச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றிப் பிளந்திருக்கிறார்கள். முடித்த பிறகு, விமானி வந்து அளந்து பார்த்து ‘இன்னும் 40 மீட்டர் வேண்டும்’ என்று சொல்லிவிட்டுப் போவார். திரும்பவும் வெட்டுவார்கள். அதனால் தளம் மிஷனுடையது என்று எங்கள் பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள். ஊர்க்காரனிடம் சொன்னால் அடிக்க வருவான்.

விமானம் வருவது நின்றால் புல் வெட்டக் காரணம் இல்லாமல் போகும். ஆறே மாதத்தில் இடுப்பளவு. மழைநீர் கால்வாய் அடைத்துத் தளத்தின் நடுவே ஓடை விழும். பிறகு யாராவது வருகிறேன் என்றாலும் இறங்க முடியாது. பழைய வரைபடத்தில் இருக்கிற நிறையத் தளங்கள் இப்படித்தான் மூடிப்போயின. சிலவற்றைத் திரும்பத் திறக்கும் வேலை நடக்கிறது. புல்வெட்டும் இயந்திரம் வாங்கித் தருகிறார்கள், ஊர் ஆளுக்குக் கூலியும் தருகிறார்கள்.

#15 கணக்குப்பிள்ளை

மெக்கானிக் அண்ணா, கூலி கொடுக்கத் தொடங்கினால் கொடுப்பது நின்ற அன்றைக்கு வெட்டுவதும் நின்றுவிடாதா?

#16 பழைய மெக்கானிக்

நின்ற ஊரும் உண்டு. நிற்காத ஊரும் உண்டு. நர்ஸ் அக்கா, உங்கள் ஊரில் எப்படி?

#17 மலைவாசி நர்ஸ்

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிப் பிள்ளைகள் வெட்டுவார்கள். கூலி கிடையாது, வராத பிள்ளைக்குச் சனிக்கிழமை கால்பந்து கிடையாது. தளமே மைதானமும் ஆயிற்றே. ஏற்றத்தில் இருக்கிற அணி எப்போதும் ஜெயிக்கும் என்பதால் பாதி நேரத்தில் பக்கம் மாறுவதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். விமானச் சத்தம் கேட்டால் விசில் ஊதி எல்லோரும் ஓரத்துக்கு ஓடுவார்கள், ஒருவன் மட்டும் பன்றியைத் துரத்துவான்.